நான் போட்ட சராசரி

நம் சங்கத்து மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, எனக்குக் கதையும் வராது, கவிதையும் வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "பின் என்னதான் வரும்?" என்று கேட்டார்கள். "கணக்கு வரும்" என்றேன். "அப்படியானால் கணக்கையே எழுது" என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மூன்று நாள் எண்ணிப் பார்த்தேன். எத்தனையோ கணக்குகளைப் போட்டிருக்கிறேன். சரியாகப் போட்டவற்றில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. தவறாகப் போட்ட ஒன்று மட்டும் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதைப் போட்டபோது எனக்குப் பதினாறு வயது. தேர்வுத் தாளில் போட்டிருந்தால் இரண்டு மதிப்பெண் போயிருக்கும், அதோடு முடிந்திருக்கும். நான் அதை என் தந்தையாருக்காகப் போட்டேன். அதனால் போனவை வேறு.

அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பட்டை விளக்கப்படத்தைப் பார்த்துச் சராசரி காண்பது எப்படி என்பதே பொருள். எட்டாம் வகுப்புப் பாடம் என்று சிரிக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தேன்.

* * *

மட்டாஞ்சேரி என்றவுடன் உங்களில் பலருக்கு 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயம் நினைவுக்கு வரும். போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனை நினைவுக்கு வரும். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கடைத்தெரு நினைவுக்கு வரும். சுற்றுலா வந்தவர்கள் இவற்றைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் விடுதியில் கழற்றிப் போட்ட துணி எங்கே போகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அது எங்களிடம் வருகிறது. கோட்டைக் கொச்சியில் வேலி என்னும் பகுதியில் ஒரு சலவைத்துறை இருக்கிறது. ஊரார் அதை 'தோபி கானா' என்பார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஆட்சிகள் மாறின. படைகள் மாறின. அழுக்கு மட்டும் மாறவில்லை. எங்கள் தொழிலும் மாறவில்லை. வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் துவைக்கும் கல். அப்பால் திறந்த வெளியில் கொடிகள். அந்தக் கொடிகளில் பிடிப்பான் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டியிருப்பார்கள்; துணியின் ஓரத்தை அந்த முறுக்கில் செருகிவிட்டால் கடற்காற்று அடித்தாலும் விழாது. உலர்ந்தபின் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி.

என் தாயார் அங்கே பிறந்தவர். தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, என் தாயாரை மணந்து, அந்தத் தொழிலிலேயே நிலைத்தவர். குடியிருப்பது மட்டாஞ்சேரியில், ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், இப்போது கல்லூரியில் ஆங்கிலம் என்று நான் வளர்ந்தேன். மூன்று மொழியிலும் மழை என்றால் எங்கள் வீட்டுக்கு ஒரே பொருள்தான்: துணி உலராது.

ஆகவே எங்கள் வீட்டில் நாட்காட்டியைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பதே மிகுதி. வெயில் காலத்தில் கைநிறைய வேலை இருக்கும். ஜூன் பிறந்தால் கொடிகள் வெறுங்கயிறாக நிற்கும். துணி வந்தாலும் நேரத்துக்குத் திருப்பித் தர முடியாது. டிசம்பரில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று விடுதிகள் நிரம்பும். அப்போது இரவிலும் இஸ்திரிப் பெட்டி ஆறாது.

* * *

தந்தையார் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் ஒரு நல்ல வழக்கம் அவரிடம் உண்டு. நாள்தோறும் இரவில் ஒரு நோட்டில் அன்று எத்தனை உருப்படி, கைக்கு வந்த பணம் எவ்வளவு என்று எழுதி வைப்பார். வேலை இல்லாத நாளிலும் தேதியை எழுதி, எதிரே ஒரு சுழி போடுவார். "சுழியையும் எழுதினாத்தான் கணக்கு" என்பார். எவ்வளவு பெரிய சொல் அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பழைய சரக்கு ஆட்டோ ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கிவிட்டால் விடுதிகளிலிருந்து நாமே துணியை ஏற்றிவரலாம். மற்றவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தந்தையார் ஆசைப்பட்டார். மாதத் தவணை 3,000 ரூபாய். கட்ட முடியுமா, முடியாதா? இதுதான் கேள்வி.

நான் அப்போது பதினோராம் வகுப்பு. புள்ளியியலில் பட்டைப் படமும் சராசரியும் படித்திருந்தேன். வகுப்பில் முதல் மாணவி என்ற பெருமை வேறு. "நோட்டைக் கொடுங்கள் அப்பா, நான் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

முந்தைய ஆண்டின் நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாலை உட்கார்ந்தேன். ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு பருவத்திலும் நாள் ஒன்றுக்குச் சராசரியாக எவ்வளவு வந்தது என்று கண்டேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு நூறாகத் திருத்திக்கொண்டேன். ஜனவரி முதல் மே வரை 600 ரூபாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை 300 ரூபாய். அக்டோபர், நவம்பரில் 500 ரூபாய். டிசம்பரில் 800 ரூபாய்.

வரைபடத் தாளில் நான்கு பட்டைகள் வரைந்தேன். எல்லாம் ஒரே அகலம். பள்ளியில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ணம் தீட்டினேன். டிசம்பரின் சிவப்புப் பட்டை எல்லாவற்றுக்கும் மேலே தலை நிமிர்ந்து நின்றது. நான்கு உயரங்களையும் கூட்டினேன்: 2,200. நான்கால் வகுத்தேன்: 550. "அப்பா, ஆண்டு முழுவதும் பார்த்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு 550 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு, வாடகை, கரி, சோப்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 450 ரூபாய் ஆகிறது. மீதி நூறு. மாதம் மூவாயிரம். தவணைக்குச் சரியாக இருக்கிறது!" என்றேன்.

தந்தையார் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிவப்புப் பட்டையின்மேல் விரலை வைத்து, "ஏம்மா, டிசம்பர் ஒரு மாசந்தானே?" என்று கேட்டார்.

நண்பர்களே, எத்தனையோ ஆசிரியர்கள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் என்ன விடை சொன்னேன் தெரியுமா? "சராசரிக் கணக்கு அப்படித்தான் அப்பா. உங்களுக்குப் புரியாது" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பிப்ரவரி மாதம் ஆட்டோ வீட்டு வாசலுக்கு வந்தது. தாயார் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். தம்பி அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான்.

* * *

முதல் நான்கு மாதம் என் கணக்கு பொய்க்கவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய மாதங்களில் நாளொன்றுக்கு 600 ரூபாய் வந்தது. தவணை போகக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. "எங்க புள்ள கணக்கு" என்று தந்தையார் அண்டை அயலாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஜூன் வந்தது. அந்த ஆண்டு மழை வழக்கத்தைவிடக் கனத்தது. வரவு 300, செலவு 450, தவணைக்கென்று நாளுக்கு நூறு. நாள்தோறும் 250 ரூபாய் குறைந்தது. ஜூலையில் தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஆகஸ்டில் அந்தப் பெருவெள்ளம். ஆகஸ்டு 15-ஆம் நாள் நெடும்பாசேரி விமான நிலையம் மூடப்பட்டது. 29-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. ஆலுவாயும் பறவூரும் நீரில் மிதந்தன. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் துணியும் வரவில்லை. விடுதிகளில் ஆள் இருந்தால்தானே துணி வரும்? அந்த நாட்களில் நோட்டின் பக்கங்களில் வரிசையாகச் சுழிகள்.

செப்டம்பரில் ஆட்டோவை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தோம். கட்டிய தவணை கட்டியதுதான். அடகு வைத்த சங்கிலி மூழ்கிப் போயிற்று. தாயார் மஞ்சள் கயிற்றோடு இருந்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாரும் வெள்ளத்தையே பழித்தார்கள். நானும் வெள்ளத்தையே பழித்தேன். இயற்கையின் சீற்றத்துக்கு முன் என் கணக்கு என்ன செய்யும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. வெள்ளம் எல்லாக் குறைகளையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

* * *

உண்மை எனக்குத் தெரிந்தது மூன்று ஆண்டு கழித்து, பட்ட வகுப்பில். அன்று செய்முறை வகுப்பில் 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி மத்திய நீர் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின் எண்களைக் கொடுத்து, படம் வரையச் சொன்னார்கள். கேரளத்தில் இயல்பைவிட மழை எத்தனை விழுக்காடு மிகுதியாகப் பெய்தது என்பது அதில் இருந்தது. ஜூன் மாதம் 15 விழுக்காடு. ஜூலை 18 விழுக்காடு. ஆகஸ்டு முதல் 19 நாட்களில் 164 விழுக்காடு.

மூன்று பட்டைகள் வரைந்தேன். இரண்டு குட்டையானவை; ஒன்று பனைமரம் போல. மொத்தத்தில் எத்தனை விழுக்காடு மிகுதி என்று கேட்டார்கள். பதினைந்தையும் பதினெட்டையும் நூற்று அறுபத்து நான்கையும் கூட்டி மூன்றால் வகுத்து, 66 என்று எழுதினேன். அறிக்கையில் இருந்ததோ 42.

எங்கே தவறியது? நெடுநேரம் விழித்தேன். பிறகு மழையின் அளவுகளையே எடுத்துப் பார்த்தேன். ஜூனில் இயல்பாகப் பெய்ய வேண்டியது 649.8 மில்லிமீட்டர், பெய்தது 749.6. ஜூலையில் இயல்பு 726.1, பெய்தது 857.4. ஆகஸ்டின் அந்தப் பத்தொன்பது நாட்களில் இயல்பு 287.6 மட்டுமே; பெய்தது 758.6. இயல்பான அளவுகளைக் கூட்டினால் 1,663.5. பெய்தவற்றைக் கூட்டினால் 2,365.6. மிகுதி 702.1 மில்லிமீட்டர். அது 1,663.5-இல் 42 விழுக்காடு.

விளங்கிற்று. 164 என்னும் அந்த உயரமான பட்டை ஒரு சிறிய அளவின்மேல் நின்றது. 15, 18 என்னும் குட்டைப் பட்டைகள் பெரிய அளவுகளின்மேல் நின்றன. மூன்றையும் சமமாக நினைத்துக் கூட்டியதால் சிறியதற்குப் பெரிய குரல் கிடைத்துவிட்டது. பட்டையின் உயரம் 'எவ்வளவு' என்பதைச் சொல்கிறது. 'எத்தனைக்கு' என்பதைச் சொல்வதில்லை. இரண்டும் தெரியாமல் சராசரி காண முடியாது. நிறையிட்ட சராசரி என்று புத்தகத்தில் இதற்குப் பெயர்.

அந்த நொடியில் என் கண்முன் வந்தது ஆகஸ்டுப் பட்டை அன்று. நான் வரைந்த சிவப்புப் பட்டை. "ஏம்மா, டிசம்பர் ஒரு மாசந்தானே?"

கையிலிருந்த தாளின் ஓரத்திலேயே கணக்கைத் திரும்பப் போட்டேன். 600 ரூபாய் ஐந்து மாதத்துக்கு. 300 ரூபாய் நான்கு மாதத்துக்கு. 500 ரூபாய் இரண்டு மாதத்துக்கு. 800 ரூபாய் ஒரே ஒரு மாதத்துக்கு. 3,000, 1,200, 1,000, 800. கூட்டினால் 6,000. பன்னிரண்டால் வகுத்தால் 500.

ஐந்நூறு! ஐந்நூற்று ஐம்பது அன்று. செலவு போக மீதி நூறு ரூபாய் அன்று, ஐம்பதுதான். மாதத்துக்கு 1,500. மூவாயிரம் ரூபாய்த் தவணையை அந்த வரவில் ஒருநாளும் கட்டியிருக்க முடியாது. வெள்ளமே வராதிருந்தாலும், ஆண்டுக்கு 18,000 ரூபாய் குறைந்திருக்கும். ஆட்டோ போயிருக்கும், சங்கிலியும் போயிருக்கும். ஓரிரண்டு மாதம் பிந்தியிருக்கலாம். மூன்று ஆண்டுகளாக நான் வெள்ளத்தின்மேல் போட்டிருந்த பழியில் பாதி என்னுடையது.

* * *

அந்தப் பாடம் அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் அதே எண்களை நாள் கணக்கில் பார்க்கச் சொன்னார்கள். ஜூனில் நாளொன்றுக்குச் சராசரி 25 மில்லிமீட்டர். ஜூலையில் ஏறத்தாழ 28. ஆகஸ்டின் பத்தொன்பது நாட்களில் 40. இந்த முறை வகுத்தது சரிதான். ஆனால் நாற்பது மில்லிமீட்டர் மழை ஓர் ஊரை மூழ்கடிக்குமா? கேரளத்தில் அது பலமுறை பார்த்த மழை.

விடை அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருந்தது. ஆகஸ்டு 15, 16, 17 ஆகிய மூன்று நாட்களில் மட்டும் 414 மில்லிமீட்டர் பெய்தது. நாளொன்றுக்கு 138! அந்த மூன்று நாளை எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதிப் பதினாறு நாளுக்கும் சேர்த்து 344.6, நாளொன்றுக்கு 22-க்கும் குறைவு. அதாவது ஜூன் மாதத்துச் சராசரியைவிடக் குறைவு. பதினாறு நாள் ஒரு வகை. மூன்று நாள் வேறு வகை. இரண்டையும் கலந்து 'நாற்பது' என்று சொன்னோம். அந்த நாற்பது அந்த மாதத்து நிலைமையைச் சொல்லவே இல்லை.

சரியாகப் போட்ட சராசரியும் இப்படி வாய் மூடி நிற்பது உண்டு. எங்கள் வீட்டுக் கணக்கிலும் அப்படித்தான். சரியான விடை 500 என்றே வைத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் அடுப்பு எரிவது 300 ரூபாயில்தான். டிசம்பரில் வரப்போகும் 800 ரூபாயைக் காட்டி ஜூலையில் அரிசி வாங்க முடியாது. மிச்சம் பிடித்து வைக்க வழியிருப்பவனுக்குத்தான் சராசரி உதவும். அன்றாடம் காய்ச்சிக்கு மிகக் குட்டையான பட்டையே கணக்கு.

* * *

இந்தப் பட்டைப் படத்தை உலகுக்குக் கொடுத்தவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1786-ஆம் ஆண்டில் லண்டனில் அவர் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வாணிகத்தைப் பல ஆண்டுகளுக்குக் கோடுகளாக வரைந்து காட்டினார். ஸ்காட்லாந்துக்கு வந்தபோது அவர் கையில் ஓராண்டுக் கணக்குத்தான் இருந்தது. ஓராண்டை வைத்துக்கொண்டு கோடு எப்படி இழுப்பது? ஆகவே பதினேழு நாடுகளுடன் நடந்த ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் தனித்தனியே பட்டைகள் வரைந்தார். புள்ளிவிவரக் குறைவினால் பிறந்தது இந்தப் படம். அவருடைய பட்டை ஒவ்வொன்றும் ஒரு மொத்தத் தொகை. கூட்டி வகுத்தால் குற்றமில்லை. என் பட்டைகளோ தாமே சராசரிகள். சராசரிகளைக் கூட்டிச் சராசரி கண்டதுதான் நான் செய்த பிழை.

நம் நாட்டில் இத்தகைய கணக்கு மக்கள் வாழ்வோடு எவ்வளவு நெருங்கியது என்பதைக் காட்டியவர் பேராசிரியர் மகலனோபிஸ். 1922-ஆம் ஆண்டில் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளநீரைத் தேக்கி வைக்கப் பெரிய நீர்த்தேக்கங்கள் கட்ட வேண்டும், பெருஞ்செலவானாலும் சரி என்று பொறியாளர்கள் சொன்னார்கள். மகலனோபிஸ் ஐம்பது ஆண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்து ஆராய்ந்தார். தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைவாக வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1931-ஆம் ஆண்டில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவரே. எண்களைத் தட்டிக் கேட்டவர் அவர். நானோ, தட்டிக் கேட்டவரை வாயடைத்தேன்.

* * *

இனி, நம் விடுதிக்கு வருவோம். உபதேசம் செய்யவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பட்டைப் படம் ஒன்றைக் காட்டிச் 'சராசரி என்ன?' என்று யாரேனும் கேட்டால், முதலில் அந்தப் பட்டை எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். அது மூன்று வகையாக இருக்கலாம்.

ஒன்று, தொகைப் பட்டை. மாதந்தோறும் உணவுக் கட்டணம் எவ்வளவு என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பட்டை. உயரங்களைக் கூட்டி, பட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

இரண்டு, நிகழ்வெண் பட்டை. காலையில் யார் எத்தனை தோசை தின்றார்கள் என்று ஒரு படம் வரைகிறோம். இரண்டு தோசை தின்றவர் 10 பேர். மூன்று தின்றவர் 20 பேர். நான்கு தின்றவர் 15 பேர். ஐந்து தின்ற பெருவயிற்றார் 5 பேர். இங்கே உயரங்களைக் கூட்டி நான்கால் வகுத்தால் பன்னிரண்டரை வரும். ஒருவர் சராசரியாகப் பன்னிரண்டரை தோசை தின்றார் என்றால் சமையற்காரர் ஓடிவிடுவார்! அடியில் எழுதிய எண்களை மட்டும் கூட்டி வகுத்தால் மூன்றரை வரும், அதுவும் தவறு. ஒவ்வொரு பட்டைக்கும் அடியிலுள்ள எண்ணை உயரத்தால் பெருக்க வேண்டும்: 20, 60, 60, 25. மொத்தம் 165 தோசை. தின்றவர் 50 பேர். ஆளுக்கு 3.3.

மூன்று, சராசரிப் பட்டை. வகுப்புவாரியாகச் சராசரி மதிப்பெண், பருவவாரியாகச் சராசரி வரவு என்பன போன்றவை. இவை ஆபத்தானவை. ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் எத்தனை பேர், எத்தனை நாள் என்று தெரியாவிட்டால், மொத்தச் சராசரி காண முடியாது என்று சொல்லிவிட வேண்டும். தெரியாது என்று சொல்வது மாணவருக்கு இழுக்கன்று. தெரிந்ததுபோல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவதே இழுக்கு.

இவை மூன்றையும் தாண்டி ஒன்று உண்டு. கணக்குத் தெரியாதவர் என்று நாம் நினைப்பவர் ஒரு கேள்வி கேட்டால் நின்று கேளுங்கள். அவர் அந்தப் பட்டைக்குள் வாழ்கிறவர். நாம் அதை வெளியே நின்று வரைகிறவர்கள்.

* * *

என் பிழையைத் தெரிந்துகொண்ட வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். தந்தையார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பழைய தாளைப் பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஐந்து மாதம், நான்கு மாதம், இரண்டு மாதம், ஒரு மாதம் என்று விளக்கிச் சொன்னேன். "அன்றைக்கு நீங்கள் கேட்டது சரி அப்பா. நான்தான் தவறாகச் சொன்னேன்" என்றேன்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எனக்கு அப்பவே மனசுல உறுத்துச்சும்மா. படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்து உதறி விரித்தார்.

தாயார் உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "சரி, சாப்பிட வா" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஆண்டு தம்பிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. பணம் கட்ட வேண்டும். பழையபடி கடன், பழையபடி தவணை என்ற பேச்சு வந்தது. தந்தையார் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் கை கொஞ்சம் நடுங்கியது. "நான் போட வேண்டாம் அப்பா" என்றேன். "வேற யார் போடுவா?" என்றார்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். இம்முறை நான்கு பட்டைகள் வரையவில்லை. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வரைந்தோம். சுழி போட்ட நாட்களையும் விடாமல் சேர்த்துக்கொண்டோம். செலவு எவ்வளவோ அந்த உயரத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். எட்டுப் பட்டைகள் கோட்டைத் தாண்டி நின்றன. நான்கு பட்டைகள் கோட்டுக்குக் கீழே கிடந்தன. தந்தையார் அந்த நான்கின்மேல் விரலை வைத்தார்.

"சராசரி எவ்வளவு வருது?" என்று கேட்டார். சொன்னேன். "அது கெடக்கட்டும். இந்த நாலுக்கு என்ன வழி?" என்றார்.

அதிலிருந்து தொடங்கினோம். தெரிந்த ஒருவரிடம் பேசி, அக்டோபர் முதல் மே வரை எட்டு மாதம் மட்டும் தவணை, மழை நான்கு மாதமும் இல்லை என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது, தெரிந்தேதான் ஒப்புக்கொண்டோம். தம்பி படிக்கப் போய்க்கொண்டிருக்கிறான். தாயாரின் கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான். அடுத்த ஆண்டு எனக்கு வேலை கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை.

விடுமுறை முடிந்து புறப்பட்ட அன்று ஜூன் மாதத்து வானம் கறுத்திருந்தது. தந்தையார் நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதிக்கொண்டிருந்தார். எதிரே என்ன எழுதுவார் என்று நான் பார்க்கவில்லை. சுழியாக இருந்தாலும் எழுதுவார்.